காரில் இடது முன் சீட்டுக்குக் கீழே மேட் நனைந்தே இருக்கிறது, தண்ணீர் எங்கிருந்து வருகிறது?

மழையில்லாத நாளிலும் நனைகிறது என்றால் முதல் சந்தேகம் ஏசி மேல்தான். ஏசி ஓடும்போது சேரும் தண்ணீர் ஒரு சின்ன ரப்பர் குழாய் வழியாகக் காருக்கு அடியில் சொட்ட வேண்டும். வெயிலில் அரை மணி நேரம் ஏசி ஓடியும் அடியில் தரை காய்ந்தே கிடந்தால், குழாய் அடைத்திருக்கும். மெல்லிய பிளாஸ்டிக் குழாயை அடியிலிருந்து விட்டு மெதுவாகக் குடையுங்கள். கம்பி வேண்டாம், உள்ளே கிழித்துவிடும்.

ஈரம் பிசுபிசுப்பாக, லேசான இனிப்பு வாசனையோடு இருந்தால் அது கூலன்ட், அதாவது இன்ஜினைக் குளிர்விக்கும் திரவம். மெக்கானிக்கிடம் விட்டுவிடுங்கள்.

மழைக்குப் பிறகு மட்டும் என்றால் கதை வேறு. வேப்பமரத்தடியில் நிறுத்துபவரா? வைப்பருக்குக் கீழே உள்ள பள்ளத்தில் சருகு மண்டி, வடிகால் அடைத்து, தண்ணீர் உள்ளே இறங்கும். அடுத்து கதவு. ஸ்பீக்கர் மாற்றும்போது உட்பக்க பிளாஸ்டிக் ஷீட்டைக் கிழித்துவிட்டுச் சரியாக ஒட்டாமல் விடுவது சகஜம். சன்ரூஃப் இருந்தால் அதன் வடிகால் குழாய்களையும் பாருங்கள்.

கண்டுபிடிக்க, ஒருவர் டார்ச்சோடு உள்ளே உட்காரட்டும். இன்னொருவர் ஹோஸில் மெதுவாக, கீழிருந்து மேலாக, ஒவ்வொரு இடமாக நனைக்கட்டும். மேலிருந்து ஆரம்பித்தால் எல்லா இடமும் ஒரேயடியாக நனைந்து குழப்பிவிடும்.

அப்புறம், மேட்டை மட்டும் காயவைத்தால் போதாது. கார்பெட்டைத் தூக்குங்கள், அடியிலுள்ள ஃபோம்தான் தண்ணீரைப் பிடித்து வைத்திருக்கும். அது காயாவிட்டால் நாற்றமும் துருவும் வரும்.