எந்த வருடத்தில் உடைகிறது திருமணம்?

வழக்கறிஞர் பதில்கள்

மதுரைக் குடும்ப நல நீதிமன்றத்தில் வழக்காடும் வழக்கறிஞர், மண உறவு தொடர்பாக வாசகர்கள் அனுப்பிய கேள்விகளுக்குப் பதில் அளிக்கிறார்.

கேள்வி: வரும் தை மாதம் என் மகளுக்குத் திருமணம். ஏழாவது வருடம்தான் கண்டம் என்கிறார் ஓர் உறவினர். முதல் வருடத்தைத் தாண்டினால் போதும் என்கிறார் இன்னொருவர். உண்மையில் எப்போது அதிகம் பிரிகிறார்கள்? ஏன்?
– வாசகி, தஞ்சாவூர்

பதில்: அம்மா, கண்டக் கணக்கை விட்டுவிடுங்கள். என் அலுவலகத்துக்கு வருகிறவர்களில் இரண்டு வகையினரே அதிகம். திருமணமாகி மூன்று வருடத்துக்குள் வருகிறவர்கள் ஒரு வகை. பெண்ணுக்கோ பையனுக்கோ இருபுறமும் தாயும் தகப்பனும் உட்கார்ந்திருப்பார்கள். கேள்வி கேட்டால் அவர்களே பதில் சொல்வார்கள். இருபது வருடம் கழித்துத் தனியாக வருகிறவர்கள் இன்னொரு வகை. நடுவில் வருகிறவர்களும் உண்டு: குடி, அடி, கடன், வெளிநாட்டு வேலைக்குப் போனவர் பணம் அனுப்புவதை நிறுத்தியது. அந்தக் காரணங்கள் எந்த வருடத்திலும் ஒரு குடும்பத்தைக் குலைக்கும்.

நீதிமன்றப் பதிவேட்டில் இருக்கும் வருடத்தை நம்பவும் முடியாது. 1955-ஆம் ஆண்டின் இந்து திருமணச் சட்டப்படி, மிகக் கடுமையான துன்பம் இருந்தாலொழிய, திருமணமாகி ஓர் ஆண்டு முடியும் முன் விவாகரத்து மனுவே போட முடியாது. இருவரும் சம்மதித்துப் பிரிவதானால் ஓர் ஆண்டு பிரிந்து வாழ்ந்திருக்க வேண்டும். மனு போட்ட பிறகு ஆறு மாதம் காத்திருக்க வேண்டும். அந்த ஆறு மாதத்தை, தகுந்த வழக்குகளில் நீதிமன்றம் தள்ளுபடி செய்யலாம் என்று 2017-இல் உச்ச நீதிமன்றம் சொன்னது. ஒருவர் மறுத்தாலோ வாய்தா வாய்தாவாக வருடங்கள் ஓடும். ஆகவே மூன்றாம் வருடத்தில் விவாகரத்து என்று பதிவாகும் திருமணம், பல நேரங்களில் மூன்றாம் மாதத்திலேயே முறிந்தது.

மூன்றாம் மாதத்தில் என்ன நடக்கிறது? இளம் தம்பதியரின் மனுக்களைப் படித்தால் ஒரு தமிழ் வருடத்தின் நாள்காட்டி தெரியும். ஆடிக்கு அழைத்துப் போனவர்கள் சீரைக் குறைத்துவிட்டார்கள். தலை தீபாவளிக்கு மாப்பிள்ளைக்குப் போட்ட மோதிரம் பேசியபடி இல்லை. பொங்கல் சீருக்குப் பெண்ணின் அண்ணன் வரவில்லை. நகை மாமியார் பீரோவில் இருக்கிறது, கேட்டால் கொடுக்கவில்லை. இவற்றில் எதுவும் கணவன் மனைவிக்குள் நடந்த சண்டை அல்ல என்பதைக் கவனியுங்கள். இரண்டு வீடுகள் ஒன்றையொன்று அளந்து பார்க்கின்றன. அந்த இருவர் ஒருவரையொருவர் அறிந்துகொள்வதற்கு முன்பே, எந்த வீட்டுப் பக்கம் நிற்பது என்று முடிவெடுக்க வேண்டியிருக்கிறது.

அமெரிக்காவில் ஜான் காட்மன், ராபர்ட் லெவன்சன் என்ற இரு உளவியலாளர்கள் 79 தம்பதியரை 14 ஆண்டுகள் தொடர்ந்து கவனித்தார்கள். அவர்களில் சில தம்பதியர் பிரிந்தனர். கட்டுக்கடங்காமல் கொதித்துச் சண்டையிட்டவர்கள் சீக்கிரம் பிரிந்தார்கள். சண்டையும் இல்லாமல் சிரிப்பும் இல்லாமல் வாழ்ந்தவர்கள் தாமதமாகப் பிரிந்தார்கள். அந்த ஊரும் பழக்கங்களும் வேறு என்றாலும், என் மேசைக்கு முன்னால் உட்காருகிற இரண்டு வகையினரையும் அந்த ஆய்வில் அடையாளம் கண்டுகொண்டேன்.

உங்கள் மகளுக்காக நீங்கள் செய்யக்கூடியது நிறைய இருக்கிறது. நகைகளின் பட்டியலைப் புகைப்படத்தோடு எழுதி, அவள் பெயரில் வங்கி லாக்கர் எடுத்துக் கொடுங்கள். பெண்ணுக்குப் போட்ட நகையும் கொடுத்த பொருளும் அவளுக்கே உரிய சீதனம், கணவருக்குக்கூட அதில் பங்கு கிடையாது என்று 1985-லேயே உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. ஆகவே உங்கள் பீரோவிலும் வேண்டாம், சம்பந்தி வீட்டுப் பீரோவிலும் வேண்டாம். தினமும் தொலைபேசியில் “இன்று உன் மாமியார் என்ன சொன்னார்?” என்று கேட்காதீர்கள். கேட்டால் அவள் எதையாவது தேடிச் சொல்வாள். மறுநாள் அவள் அதை மறந்திருப்பாள், நீங்கள் மறந்திருக்க மாட்டீர்கள். ஆனால் அடித்தார்கள் என்றோ பணம் கேட்கிறார்கள் என்றோ சொன்னால், “பொறுத்துக்கொள்” என்ற சொல் உங்கள் வாயிலிருந்து வரவே கூடாது. அன்றைக்கே போய் அழைத்து வாருங்கள்.

கேள்வி: பிரசவத்துக்குத் தாய்வீடு போன என் மனைவி எட்டு மாதமாகியும் திரும்பவில்லை. குழந்தையின் பெயர்சூட்டு விழாவில் இரு வீட்டாருக்கும் மனத்தாங்கல். விட்டுப் போய்விட்டாள் என்று வக்கீல் நோட்டீஸ் அனுப்பச் சொல்கிறார் என் தந்தை.
– வாசகர், கோயம்புத்தூர்

பதில்: தம்பி, நோட்டீஸ் அனுப்பாதீர்கள். நம் ஊர்த் திருமணங்கள் மிக அதிகமாக நழுவும் இடம் இதுதான் என்பதை அனுபவத்தில் சொல்கிறேன். வளைகாப்பு முடிந்து போகும் பெண் மூன்றாம் மாதமோ ஐந்தாம் மாதமோ குழந்தையோடு திரும்புவது வழக்கம். அதுவரை அவள் ஏன் அங்கே இருக்கிறாள் என்று யாரும் கேட்க மாட்டார்கள். உங்களுக்கிடையே ஏற்கெனவே ஏதேனும் வருத்தம் இருந்திருந்தால், அதைச் சொல்லாமலேயே தள்ளி இருக்க அந்த வழக்கம் அவளுக்கு இடம் கொடுத்திருக்கிறது. அந்த வருத்தம் என்ன என்று நீங்கள் கேட்டீர்களா? உங்கள் கடிதத்தில் அவள் சொன்னதாக ஒரு வாக்கியம்கூட இல்லை. உங்கள் தந்தை சொன்னது நான்கு முறை வருகிறது.

சட்டமும் உங்கள் தந்தை நினைப்பது போல இல்லை. கைவிட்டுப் போனதாகக் காட்ட, தொடர்ந்து இரண்டு ஆண்டு பிரிந்திருப்பதோடு, இனி வாழப் போவதில்லை என்ற எண்ணத்தோடு அவள் பிரிந்திருக்கிறாள் என்பதையும் நிரூபிக்க வேண்டும். பிரசவத்துக்குப் போனது அந்த எண்ணத்துக்குச் சாட்சி ஆகாது. நோட்டீஸ் போனால் பதில் நோட்டீஸ் வரும். அதில் நீங்கள் கேள்விப்பட்டிராத குற்றச்சாட்டுகள் இருக்கும். அதற்குப் பதிலாக உங்கள் தரப்பும் அவள் நடத்தையைப் பற்றி எழுதும். எதிருரையில் எழுதிய அப்படிப்பட்ட பழிகளே மனக் கொடுமை ஆகும் என்று 1994-இல் உச்ச நீதிமன்றம் ஒரு வழக்கில் விவாகரத்தே கொடுத்தது. சேர்ந்து வாழக் கோரும் மனுவில் தொடங்கி, மாறி மாறி எழுதிய காகிதங்களாலேயே பிரிந்துபோன தம்பதியரை நான் பார்த்திருக்கிறேன்.

இந்த வாரமே போங்கள். தனியாகப் போங்கள். இரண்டு மூன்று நாள் அங்கே தங்கி, இரவில் குழந்தை அழும்போது நீங்கள் தூக்குங்கள். அவள் சோர்ந்து, தூங்காமல், காரணமின்றி அழுதுகொண்டிருந்தால் மருத்துவரிடம் அழைத்துச் செல்லுங்கள். பிரசவத்துக்குப் பிந்தைய மனச்சோர்வு குணப்படுத்தக்கூடிய நோய். “எப்போது வருகிறாய்?” என்று எடுத்தவுடன் கேட்க வேண்டாம். திரும்பி வர என்ன மாற வேண்டும் என்று கேளுங்கள். தனிக்குடித்தனம் என்று அவள் சொன்னால் அதைக் குற்றமாக எடுத்துக்கொள்ளாதீர்கள். வாடகை எவ்வளவு என்று இருவரும் கணக்குப் போட்டுப் பாருங்கள்.

கேள்வி: காதல் திருமணங்கள்தான் அதிகம் முறிகின்றனவா?
– வாசகர், ராமநாதபுரம்

பதில்: அப்படி நான் சொல்ல மாட்டேன். காதலித்து மணந்த பெண்ணுக்குச் சண்டை வந்தால் போக வீடு இருப்பதில்லை. “நீதானே தேடிக்கொண்டாய்” என்று கதவைச் சாத்துகிறார்கள். அது தெரிந்தே அவளை அடிப்பவனும் உண்டு. உங்கள் வீட்டில் அப்படி ஒரு பெண் இருந்தால், கதவைத் திறந்து வையுங்கள்.

கேள்வி: எனக்கு 54 வயது. கணவர் ஓய்வுபெற்ற அரசு ஊழியர். குடிப்பதில்லை, அடிப்பதில்லை. ஆனால் பல வருடங்களாகச் சாப்பாடு, மாத்திரை தவிர வேறு பேச்சே கிடையாது. நான் சொல்வது எதற்கும் “உனக்கென்ன தெரியும்” என்பார். மகளின் திருமணம் முடியட்டும் என்று காத்திருந்தேன். சென்ற ஆண்டு முடிந்தது. இப்போது பிரிய நினைக்கிறேன். “இந்த வயதிலா?” என்கிறாள் என் அக்கா.
– வாசகி, திருநெல்வேலி

பதில்: சகோதரி, மகள் திருமணம் வரை காத்திருக்கும் பெண்கள் நம்மிடையே ஏராளம். தாய் தகப்பன் பிரிந்தவர்கள் என்றால் மகளுக்கு வரன் அமையாது என்ற பயம் அவர்களைக் கட்டிப்போடுகிறது. பலர் கடைசிவரை நீதிமன்றத்துக்கு வருவதே இல்லை. 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில், விவாகரத்துப் பெற்றவர்களைப் போல இரண்டு மடங்குக்கும் அதிகமானோர் சட்டப்படி பிரியாமல் தனித்து வாழ்வதாகப் பதிவாகியிருக்கிறது. உங்கள் அக்காவின் கேள்வியைப் பொருட்படுத்தாதீர்கள். இருபத்தைந்து வயதுப் பெண்ணுக்கு இருக்கும் உரிமை உங்களுக்கும் இருக்கிறது.

ஆனால் மனு போடுவதற்கு முன் பணக் கணக்கைப் பாருங்கள். விவாகரத்து ஆணை வந்துவிட்டால், கணவர் காலத்துக்குப் பின் குடும்ப ஓய்வூதியம் உங்களுக்குக் கிடைக்காது. அவருடைய சட்டப்படியான வாரிசாகவும் இருக்க மாட்டீர்கள். ஜப்பானில் 2007 ஏப்ரல் முதல், பிரியும் மனைவி கணவரின் ஓய்வூதியத்தில் பங்கு பெறலாம். காலமெல்லாம் சமைத்துப் போட்டவளுக்கு அந்த வருமானத்தில் பங்கு உண்டு என்று நம் சட்டமும் ஒப்புக்கொள்ள வேண்டும்; இதை நான் மேடை கிடைத்த இடத்திலெல்லாம் சொல்லி வருகிறேன்.

மண முறிவு மீட்க முடியாதது என்ற காரணத்துக்காக மட்டும் குடும்ப நல நீதிமன்றம் விவாகரத்துக் கொடுக்க முடியாது. அந்தச் சிறப்பு அதிகாரம் உச்ச நீதிமன்றத்துக்கு மட்டுமே உண்டு என்பதை 2023 மே மாதத் தீர்ப்பு உறுதிசெய்தது. கணவர் சம்மதித்தால் பரஸ்பர சம்மத மனு எளிது. ஒரே கூரையின் கீழ் இருந்தாலும் கணவன் மனைவியாக வாழாவிட்டால் அது பிரிந்து வாழ்வதே என்று 1991-இல் உச்ச நீதிமன்றம் விளக்கியிருக்கிறது; ஆகவே உங்கள் ஓராண்டு ஏற்கெனவே முடிந்திருக்கலாம். அவர் சம்மதிக்காவிட்டால், 1956-ஆம் ஆண்டின் இந்து தத்தெடுப்பு மற்றும் ஜீவனாம்சச் சட்டப்படி தகுந்த காரணத்தோடு தனித்து வாழ்ந்தபடியே ஜீவனாம்சம் கேட்கும் வழி இருக்கிறது. அதில் நீங்கள் மனைவியாகவே தொடர்வீர்கள். ஓய்வூதிய உரிமையும் போகாது. உங்கள் நிலைமைக்கு இதையே முதலில் யோசிக்கச் சொல்வேன்.

வழக்கறிஞர் கட்டணத்தை நினைத்துத் தயங்க வேண்டாம். வருமானம் எவ்வளவாக இருந்தாலும் பெண்களுக்கு இலவச சட்ட உதவி உண்டு. மாவட்ட நீதிமன்ற வளாகத்தில் இருக்கும் சட்டப் பணிகள் ஆணைக்குழு அலுவலகத்துக்கு ஆதார் அட்டையோடு போய் ஒரு விண்ணப்பம் எழுதிக் கொடுங்கள். போகும்போது கணவரின் ஓய்வூதியப் புத்தகத்தின் நகல், வீட்டுப் பத்திரத்தின் நகல், உங்கள் பெயரில் உள்ள வங்கிக் கணக்கு விவரம் மூன்றையும் எடுத்துச் செல்லுங்கள்.