ஏறும்போது வலிக்காத தொடை இறங்கிய பிறகு வலிப்பது ஏன்?

கேள்வி: எனக்கு வயது 49. வங்கியில் உட்கார்ந்து செய்யும் வேலை. சென்ற மாதம் குடும்பத்தோடு சோளிங்கர் பெரிய மலைக்குப் படி வழியாகவே ஏறி இறங்கினேன். ஏறும்போது மூச்சு வாங்கியதே தவிர, கால் வலிக்கவில்லை. இறங்கும்போது அந்த மூச்சிரைப்பும் இல்லை. மறுநாள் மாலையிலிருந்து இரண்டு தொடைகளின் முன்பக்கமும் வலித்தன. அதற்கடுத்த நாள் கையூன்றாமல் நாற்காலியில் உட்கார முடியவில்லை. ஐந்து நாட்களில் தானாகவே சரியாயிற்று. லாக்டிக் அமிலம் தேங்கியதுதான் காரணம் என்கிறார் நண்பர். கொழுப்புக்காக நான் சாப்பிடும் அட்டோர்வாஸ்டாட்டின் மாத்திரையாக இருக்குமோ என்று அஞ்சுகிறார் மனைவி. எது சரி?

மருத்துவர் பதில்: நீங்கள் எழுதியிருப்பதை வைத்துப் பார்த்தால் இரண்டும் காரணமல்ல, உங்கள் தொடையை வலிக்க வைத்தது, நீங்கள் எளிதென்று நினைத்த அந்த இறக்கம்தான்.

நாற்காலியில் உட்காரப் போகும்போது ஒரு கையைத் தொடையின் முன்பக்கத்தில் வைத்துக்கொண்டு, மிக மெதுவாக உடலைத் தாழ்த்திப் பாருங்கள். முழங்கால் மடங்க மடங்க அங்குள்ள தசை நீண்டுகொண்டே போகிறது. ஆனாலும் கைக்கடியில் அது கல்லைப் போல இறுகுவதை உணர்வீர்கள். நான்கு தலைகளாகத் தொடங்கி, ஒரே தசைநாணாகச் சேர்ந்து, முழங்கால் சில்லு வழியே கீழ்க்கால் எலும்பில் பற்றும் இத்தசையின் வேலை முழங்காலை நீட்டுவதாகும். படியேறும்போது அது சுருங்கி உடலை மேலே தூக்குகிறது. படியிறங்கும்போதோ, கால் மடிந்து நீங்கள் விழுந்துவிடாதபடி, இழுபட்டுக்கொண்டே பிடித்து நிறுத்துகிறது. கிணற்றிலிருந்து நிறைகுடத்தை இழுப்பதற்கும், அதே குடத்தைக் கயிறு கையில் வழுக்க வழுக்க உள்ளே இறக்குவதற்கும் உள்ள வேறுபாடு இது. உள்ளங்கை உரிவது இறக்கும்போதுதான்.

தசைக்குள் நடப்பதும் ஏறக்குறைய அப்படியே. ஒவ்வொரு தசைநாருக்குள்ளும் நுண்ணிழைகள் உள்ளன. அவை சார்கோமியர் எனப்படும், ஒரு மில்லிமீட்டரில் ஐந்நூறில் ஒரு பங்கு நீளமேயுள்ள கண்ணிகளால் ஆனவை. ஒவ்வொரு கண்ணியிலும் மையோசின் என்னும் தடித்த இழையின் சிறு தலைகள், ஆக்டின் என்னும் மெல்லிய இழையைப் பற்றி இழுத்து, விட்டு, மீண்டும் பற்றுகின்றன. இழைகள் குறுகுவதில்லை, ஒன்றன்மீது ஒன்று சறுக்கிச் செல்வதால்தான் தசை குறுகுகிறது. இவ்விளக்கத்தை 1954-இல் இரு ஆய்வுக் குழுக்கள் தனித்தனியே ஒரே இதழில் வெளியிட்டன. அவற்றை வழிநடத்திய இருவருக்கும் ஹக்ஸ்லி என்றே பெயர் என்பதும், அவர்கள் உறவினர்கள் அல்லர் என்பதும் மருத்துவ மாணவர்களை இன்றும் குழப்பும் செய்தி.

இறங்கும்போது, பற்றியிருக்கும் அந்தத் தலைகள் பிடியை விடாமலிருக்க, உடலின் எடை இழைகளை எதிர்த்திசையில் இழுக்கிறது. இவ்வகை வேலைக்கு ஆக்சிஜன் குறைவாகவே தேவைப்படும்; உங்களுக்கு மூச்சு வாங்காததன் காரணம் அதுவே. குறைந்த எண்ணிக்கையிலான தசைநார்களே சுமையைத் தாங்குவதால், ஒவ்வொன்றின் மீதும் விழும் இழுவிசை மிகுதி. பழக்கமில்லாத தசையில், 1,300-க்கும் மேற்பட்ட படிகளை இறங்கி முடிப்பதற்குள் சில கண்ணிகள் வரம்பு மீறி இழுபட்டுச் சிதைகின்றன. அவ்விடத்தில் அழற்சி உண்டாகி, நீர் கோத்து, நரம்பு முனைகள் கூருணர்வு பெறுவதற்குப் பல மணி நேரம் ஆகும். அதனால்தான் வலி தாமதமாகத் தொடங்கி, இரண்டாம் மூன்றாம் நாட்களில் உச்சமடைகிறது. லாக்டிக் அமிலமோ ஓரிரு மணி நேரத்துக்குள் இரத்தத்திலிருந்து நீங்கிவிடும். மேலும், அது அதிகமாகச் சுரப்பது ஏறும்போதுதான்.

மாத்திரையைப் பற்றி: ஸ்டாட்டின் வகை மருந்துகள் சிலருக்குத் தசைவலி தருவது உண்மை. ஆனால் அவ்வலி மருந்தைத் தொடரும்வரை நீடிப்பதே வழக்கம். ஐந்து நாட்களில் தானாக அடங்காது. நீங்களாக மாத்திரையை நிறுத்த வேண்டாம். உழைப்பில்லாத நாட்களிலும் வலியோ தளர்ச்சியோ இருந்தால், தசை சிதையும்போது இரத்தத்தில் கூடும் கிரியாட்டின் கைனேஸ் என்னும் நொதியின் அளவைப் பார்க்கும் பரிசோதனை தேவைப்படும். மலையேறிய வாரத்தில் அதைச் செய்துகொள்ளாதீர்கள். அந்த அளவு இயல்பாகவே கூடியிருக்கும், வீண் கலக்கமே மிஞ்சும்.

சிறுநீர் காப்பி டிக்காஷன் நிறத்தில் போனாலோ, தொடை கடுமையாக வீங்கி வலுவிழந்தாலோ அன்றே மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும். சிதைந்த தசையின் புரதம் சிறுநீரகத்தைத் தாக்கக்கூடும். ஒரு கெண்டைக்கால் மட்டும் வீங்கி வலித்தால், அது சிரையில் இரத்தம் உறைந்ததாகவும் இருக்கலாம் என்பதால், அதையும் தள்ளிப்போடக் கூடாது.

ஒருமுறை இவ்வாறு சிதைந்து ஆறிய தசை, சில வாரங்களுக்கு அதே வேலையை மிகக் குறைந்த வலியோடு தாங்கிக்கொள்ளும். ஆகவே அடுத்த மலைக்கு மூன்று வாரம் முன்பிருந்தே, அலுவலகத்தில் வழக்கத்தை மாற்றி, லிஃப்டில் மேலே சென்று படியில் இறங்குங்கள்: முதலில் இரண்டு மாடி, பிறகு சிறிது சிறிதாகக் கூட்டி, கைப்பிடியை ஒட்டியபடியே.