கம்பெனி செயின்தான் போடணுமா? சைக்கிள் கேள்வி பதில்

கேள்வி: சார், என்கிட்ட இருக்கறது 21 கியர் சைக்கிள், வாங்கி மூணு வருஷம் ஆச்சு. தினமும் காலேஜுக்கு போக வர 18 கிலோமீட்டர். இப்போ மேட்டுல அழுத்தி மிதிச்சா செயின் டக்குனு நழுவுது. கடையில செயின், பின்னாடி பல்சக்கரம், முன்னாடி செயின் வீல் எல்லாமே கம்பெனி ஐட்டமா மாத்தணும்னு சொல்றாங்க, வெளிய வேற பிராண்டு கம்மி விலைக்கு கிடைக்குது, வாங்கலாமா? (கல்லூரி மாணவர், கோவை)

பதில்: தாராளமா வாங்கலாம் தம்பி, ஆனா காசை எடுக்கறதுக்கு முன்னாடி நீளமான ஒரு இரும்பு ஸ்கேல எடுங்க. டெய்லர் டேப் வேணாம், அது இழுபடும். செயின்ல ஒரு பின்னோட (கண்ணிகளை சேர்த்து பிடிக்கற சின்ன ஆணி) நடுவுல ஜீரோவ வச்சு அதுக்கு அடுத்ததுல இருந்து 24 பின் எண்ணுங்க, புது செயின்னா சரியா 12 இஞ்ச் வரும், ஏன்னா ஒவ்வொரு கண்ணியும் அரை இஞ்ச். அது 12 இஞ்சுக்கு மேல ஒன்றரை மில்லிமீட்டர் சொச்சம் போயிருந்தா செயின் மாத்தற நேரம் வந்துடுச்சு, மூணு மில்லிக்கு மேல போயிருந்தா பின்னாடி பல்லும் போயிருக்கும். செயின் ரப்பர் மாதிரி நீளறதில்ல, உள்ள பின்னும் அது உக்கார்ற துளையும் தேயுது, அந்த இடைவெளியெல்லாம் சேர்ந்துதான் நீளமா தெரியுது. அப்படி நீண்ட செயின் பல்லு மேல சரியா உக்காராம மேல ஏறி ஏறி பல்லை கொக்கி மாதிரி அறுத்துடும்.

உங்க கணக்குல வண்டி 10,000 கிலோமீட்டர் ஓடியிருக்கும், இதுவரைக்கும் செயினே மாத்தலைன்னா பின்னாடி பல்சக்கரமும் கண்டிப்பா மாத்தணும். செயின் மட்டும் போட்டு சமாளிக்கலாம்னு நினைக்காதீங்க, நான் ஒரு தடவை அப்படி பண்ணேன், தேஞ்ச பல்லுல புது செயின் நிக்கவே இல்ல, பாலத்துல எழுந்து நின்னு மிதிக்கறப்போ நழுவி முட்டி போய் ஹேண்டில்பார்ல மோதி ரெண்டு வாரம் நொண்டினேன். முன்னாடி செயின் வீல் மெதுவாதான் தேயும், பல்லு கொக்கி மாதிரி வளையாம இருந்தா அதை விட்டுடுங்க, அந்த காசு மிச்சம்.

பிராண்டு விஷயத்துக்கு வரேன். ஜப்பான் ஷிமானோ கம்பெனி கியர் இருந்தா ஷிமானோ செயின்தான் போடணும்னு கட்டாயம் இல்ல. தைவான் கேஎம்சி செயின் நிறைய சைக்கிள்ல ஃபேக்டரியிலயே போட்டு வருது, உங்க செயின் தகட்டுல என்ன பேர் அடிச்சிருக்குன்னு பாருங்க, அதுவாவே இருந்தாலும் இருக்கும். பல்சக்கரத்துக்கு சன்ரேஸ் பிராண்டும் நல்லாதான் உழைக்குது. பேரை விட முக்கியம் அளவு: ஸ்பீடுன்னா பின்னாடி எத்தனை பல்சக்கரம் இருக்குங்கற எண்ணிக்கை, 6, 7, 8 ஸ்பீடுக்கு ஒரே செயின், 9 ஸ்பீடு செயின் அதை விட ஒல்லி, மாத்தி வாங்கிடாதீங்க. உங்க 21 கியர்னா முன்னாடி 3, பின்னாடி 7. அந்த பின் பல்சக்கர செட் மரையில திருகற பிரீவீலா, இல்ல சொருகற கேசட்டான்னு கழட்டி பாத்துட்டு ஆர்டர் போடுங்க, ரெண்டும் ஒண்ணுக்கொண்ணு சேராது. பேரே இல்லாத பாக்கெட் செயினும் வேணாம், பெரிய பிராண்டு பேருல ரொம்ப மலிவா ஆன்லைன்ல வர்றதும் வேணாம், அதுல டூப்ளிகேட் நிறைய.

கேள்வி: ரியர் டிரெய்லியர்ல (பின்னாடி கியர் மாத்தற கருவி) செயின் சுத்தி வர்ற சின்ன பல்சக்கரம் இருக்கே, அந்த ஜாக்கி வீலை பெருசா கலர் கலரா விக்கறாங்களே, போட்டா வேகம் வருமா? (வாசகர், சென்னை)

பதில்: பெரிய சக்கரத்துல செயின் கம்மியா வளையும், உராய்வு குறையும், அது உண்மைதான். ஆனா மிச்சமாகறது ஒரு சில வாட், ரேஸ் ஓட்டறவங்களுக்கு அது போதும், ஆபீஸ் போறவங்களுக்கு தெரியவே தெரியாது. செயினைத் துடைச்சு எண்ணெய் விட்டாலே அதை விட நல்லா தெரியும். தேஞ்சு போச்சுன்னு மாத்தறதா இருந்தா வெளி கம்பெனி ஜாக்கி வீல் போடலாம், பழசுல எத்தனை பல்லோ அத்தனை பல்லே வாங்குங்க. ஷிமானோ மேல் சக்கரம் பக்கவாட்டுல கொஞ்சம் ஆடும், கெட்டுப்போச்சுன்னு நினைக்காதீங்க, கியர் சுலபமா விழறதுக்காகவே அப்படி செஞ்சிருக்காங்க, ஆடாத சக்கரத்தை அங்க போட்டா கியர் டியூனிங் ரொம்ப கச்சிதமா இருக்கணும்.

கேள்வி: அப்பாவோட பழைய சைக்கிள், கியர் இல்லாதது, எதிர்க்காத்துல மிதிக்க முடியல, கியர் செட் மாட்டலாமா? (வாசகி, நாகப்பட்டினம்)

பதில்: வேணாம்மா, அதுக்கு சக்கரம், டிரெய்லியர் மாட்டற ஹேங்கர், கியர் மாத்தற ஷிஃப்டர்னு செலவு இழுத்துக்கிட்டே போகும். பின்னாடி பிரீவீல்ல பல்லு எண்ணுங்க, 18 இருந்தா 20 பல்லு பிரீவீல் ஒண்ணு வாங்கி போடுங்க, மிதி பத்து சதவீதம் லேசாகும், வேகம் கொஞ்சம் குறையும். செயினும் பழசா இருந்தா அதையும் சேர்த்து மாத்துங்க, அந்த வண்டிக்கு எட்டுல ஒரு இஞ்ச் அகலமான செயின்தான் சேரும், கியர் சைக்கிள் செயின் ஒல்லி, அந்த பல்லுல இறங்காது. பழைய செயினையே வச்சுக்கிட்டா ரெண்டு பல்லு கூடினதுக்கு பின் சக்கரத்தை கொஞ்சம் முன்னாடி தள்ள வேண்டி வரும், மாட்டினதும் செயினை நடுவுல விரலால தூக்கி பாருங்க, அரை இஞ்ச் ஆடினா சரி.