பாட்டியின் முகத்தில் மரு இல்லை

கேள்வி: பல்மருத்துவம் மூன்றாம் ஆண்டு படிக்கிறேன். டெர்ரி பிராட்செட்டின் டிஸ்க்வேர்ல்ட் நாவல்கள் என்றால் எனக்கு உயிர். ராத்திரி படிப்பு முடிந்ததும் அதில் வரும் கிரானி வெதர்வாக்ஸ், நானி ஓக், மரணம், சாம் வைம்ஸ் எல்லோரையும் வரைவேன். ஆனால் வரைந்து முடித்துப் பார்த்தால் எல்லாமே பால் கிட்பி போட்ட படம் மாதிரியே இருக்கிறது. அறைத் தோழி பார்த்துவிட்டு, "இது காப்பிதானே?" என்று கேட்டாள். அன்றிலிருந்து சொந்தமாக வரைய உட்கார்ந்தால் கை ஓடவில்லை. கிரானியை நம்மூர்ப் பாட்டியாகப் புடவை கட்டி வரைந்தால் என்ன என்றும் ஒரு யோசனை. கல்லூரி விழாவில் ஸ்டால் போட்டு இவற்றை ஸ்டிக்கராக விற்கலாம் என்கிறார்கள் நண்பர்கள். விற்கலாமா?
பெயர் வேண்டாம், சேலம்.

பதில்: இந்த நாவல்களைப் படிக்காதவர்களுக்காக முதலில் இரண்டு வரி. டிஸ்க்வேர்ல்ட் ஒரு தட்டையான உலகம். நான்கு யானைகள் அதைச் சுமக்கின்றன. யானைகளை முதுகில் ஏற்றிக்கொண்டு ஓர் ஆமை விண்வெளியில் நீந்திப் போகிறது. கூர்மாவதாரமும் திசை யானைகளும் கேட்டு வளர்ந்த நமக்கு இதில் பெரிய அதிர்ச்சி ஒன்றும் இருக்காது. 1983இல் முதல் நாவல் வந்தது, பிராட்செட் காலமான 2015இல் கடைசி நாவல், மொத்தம் 41. கிரானி, நானி போன்ற சூனியக்காரிகள், மந்திரவாதிகள், சாம் வைம்ஸ் போன்ற நகரக் காவலர்கள், எலும்புக்கூடு உருவில் ஓர் ஆளாகவே நடமாடும் மரணம் என்று ஒரு பெரும் கூட்டமே அதில் உண்டு. பால் கிட்பி அந்தப் புத்தகங்களுக்கு நீண்ட காலமாக அட்டைப்படமும் உள்படங்களும் வரைந்துவருபவர். சரி, இனி உங்கள் கடிதத்துக்கு வருகிறேன்.

தோழி சொன்னதை நினைத்து ரொம்ப வருத்தப்பட வேண்டாம். கிட்பியே உங்களைப் போல ஒரு வாசகராக இருந்து வந்தவர்தான். நாவலைப் படித்துவிட்டுத் தன்பாட்டுக்கு அந்தப் பாத்திரங்களை வரைந்தார். பிராட்செட் புத்தகத்தில் கையெழுத்துப் போடும் நிகழ்ச்சிக்கு அந்தப் படங்களை ஓர் உறையில் எடுத்துப் போய், வரிசையில் நின்று கொடுத்தார். அவருடைய டிஸ்க்வேர்ல்ட் வேலை அப்படித்தான் தொடங்கியது. நீங்கள் பார்த்து வரையும் படங்களின் மூலமே ஒரு ரசிகர் ஓவியம் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

அவருக்கு முன்னால் இன்னொருவர் இருந்தார், ஜோஷ் கிர்பி. ஆரம்ப கால பிரிட்டிஷ் பேப்பர்பேக் அட்டைகளில் ஆளும் விலங்கும் முண்டியடித்துக்கொண்டு வருமே, அது அவர் கைவேலை. முதல் நாவலில் டூஃப்ளவர் என்று ஒரு சுற்றுலாப் பயணி வருகிறார். கண்ணாடி போட்டவர். கண்ணாடியையே பார்த்திராத ஊர்க்காரர்களுக்கு அவர் நான்கு கண் உள்ள ஆளாகத் தெரிகிறார். கிர்பி அதை அப்படியே எடுத்துக்கொண்டு, முகத்தில் நிஜமாகவே நான்கு கண்களை வைத்து அட்டைப்படம் போட்டுவிட்டார்! ரின்ஸ்விண்ட் என்கிற உதவாக்கரை மந்திரவாதியை நரைத்த தாடியோடு கிழவராக்கினார். பிராட்செட் மனத்தில் இருந்த ஆள் அவ்வளவு வயதானவர் இல்லை. அதற்காகக் கிர்பியை யாரும் மாற்றிவிடவில்லை. 2001இல் அவர் காலமாகும்வரை பெரும்பாலான அட்டைகள் அவருடையவைதான்.

ஆகவே கிரானிக்கு அதிகாரபூர்வமான ஒரே முகம் இதுதான் என்று நீங்களாக ஒரு பயத்தை வைத்துக்கொள்ளாதீர்கள். நாவலைப் படித்துவிட்டு வரைகிற ஒவ்வொருவரும் தன் கண்ணுக்குப் பட்டதைத்தான் போடுகிறார்கள். உங்கள் சிக்கல் எங்கே இருக்கிறது என்று எனக்குத் தோன்றுவதைச் சொல்கிறேன். பென்சிலை எடுத்ததும் உங்களுக்கு நாவலின் வரி ஞாபகம் வருவதில்லை, கிட்பியின் படம் ஞாபகம் வருகிறது. கிட்பியின் படங்கள் உள்ள புத்தகத்தை ஒரு மாதம் பீரோவில் வைத்துப் பூட்டுங்கள். நாவலைத் திறந்து, கிரானியின் உடம்பைப் பற்றி, உடையைப் பற்றி, அவர் நிற்கிற விதத்தைப் பற்றி வரும் வரிகளை மட்டும் ஒரு நோட்டில் எழுதுங்கள். நீங்கள் நினைத்ததைவிடக் குறைவாகவே தேறும். பிராட்செட் முகத்தை வர்ணித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிற எழுத்தாளர் அல்ல. மூக்கு எப்படி, கன்னம் எப்படி என்று அவர் சொல்லாமல் விட்டதெல்லாம் உங்களுக்கு.

சொன்னவற்றை மட்டும் விடக்கூடாது. ரசிகர் ஓவியங்களில் பாதிப்பேர் கிரானிக்கு மூக்கில் ஒரு மரு வைத்துவிடுகிறார்கள், சூனியக்காரி என்றால் மரு இருக்க வேண்டும் என்ற பழக்கத்தில். நாவல் சொல்வது நேர் எதிர். கிரானிக்கு மருவே வராது. எத்தனை சர்க்கரை தின்றாலும் பல் சொத்தையாகாது. கொஞ்சம் குதிரைச் சாயலோடு லட்சணமான முகம். ஒரு சூனியக்காரிக்கு இது பெரிய குறை என்று அவருக்கே மனத்தாங்கல். உலகத்தில் எந்தப் பல் டாக்டரும் கேட்டிராத புகார் இது!

இங்கேதான் உங்கள் படிப்பு கைகொடுக்கும். கிரானிக்கு முழுப் பல்வரிசை. நானி ஓக்குக்கு ஒற்றைப் பல். வருகிற படங்களில் என்ன செய்கிறார்கள் என்றால், சாதாரணக் கிழவி முகம் ஒன்றைப் போட்டு, வாயைத் திறந்து வைத்து, உள்ளே ஒரே ஒரு பல்லை நட்டுவிடுகிறார்கள். பல் போன வாய் அப்படி இருக்காது என்று என்னைவிட உங்களுக்கு நன்றாகத் தெரியும். மேல் தாடைக்கும் கீழ்த் தாடைக்கும் நடுவில் முட்டுக் கொடுக்கப் பல் இல்லாததால் முகத்தின் கீழ்ப்பாதி குட்டையாகும். உதடு உள்ளே மடியும், வாயைச் சுற்றிச் சுருக்கம் விழும். மோவாய் முன்னால் தள்ளி மூக்கை நோக்கி மேலே வரும். கன்னம் குழியும். ஆனால் நானி குண்டு, அதனால் கன்னத்தில் சதை இருக்கும், குழிவு வாயோரத்தில் மட்டும் தெரியும். இதை வாய் மூடிய நிலையில் வரைந்து பாருங்கள், அந்த ஒற்றைப் பல்லைக் காட்டவே வேண்டாம். பக்கத்தில் கிரானியை நிறுத்துங்கள். நெடு நெடு உயரம், நீளமான முகம், தாடை கோடு போட்டது போல் நேராக, உதடு இறுகி. இருவர் தலையிலிருந்தும் தொப்பியை எடுத்துவிட்டாலும் யார் யார் என்று தெரிந்தால் உங்கள் படம் தேறிவிட்டது. இதற்குக் கிட்பியிடம் கடன் வாங்க வேண்டிய அவசியமே இல்லை.

இன்னொன்று, கிரானியை எப்போதும் கைகட்டி முறைத்தபடியே நிற்க வைக்காதீர்கள். கிரானி தன் மனத்தை மட்டும் ஒரு பறவைக்குள்ளோ விலங்குக்குள்ளோ அனுப்பிவிட்டு, உடம்பைப் படுக்கையில் போட்டுவிட்டுப் போவாரே, அதை ஏன் யாரும் அதிகம் வரைவதில்லை என்று எனக்குப் புரியவில்லை. கட்டை மாதிரி விறைத்துக் கிடக்கும் கிழவி. கையில், தான் இன்னும் சாகவில்லை என்று எழுத்துப்பிழையோடு ஓர் அட்டை. சிரிப்பும் வரும், வயிற்றைக் கலக்கவும் செய்யும். அந்த அட்டையின் எழுத்தைக் கோணலாக, நிறுத்தி நிதானமாக எழுதுங்கள். பள்ளிக்கூடத்தை அதிகம் நம்பாத, தன்னை மட்டுமே நம்பிய ஒருவரின் கையெழுத்து அது.

மரணம் உங்களுக்கு ஈசி என்று நினைத்திருப்பீர்கள். தினமும் மண்டையோட்டைப் பார்க்கிறவர் ஆயிற்றே. ஆனால் படிப்புப் படமாகப் போய்விடும் அபாயமும் உங்களுக்குத்தான் அதிகம். மண்டையோட்டுக்குப் புருவம் இல்லை, இமை இல்லை, உதடு இல்லை. சும்மா விட்டால் எப்போதும் சிரித்துக்கொண்டே இருக்கும். பிராட்செட்டின் மரணமோ யோசிக்கிறவர், குழம்புகிறவர், பூனைகளிடம் தனிப் பிரியம் உள்ளவர். அந்த உணர்ச்சியை எல்லாம் தலை சாய்கிற கோணத்திலும் தோளிலும் விரலிலும்தான் கொண்டுவர முடியும். ஒரு கையில் 27 எலும்புகள். அத்தனையையும் எண்ணி எண்ணி வரைந்தால் பாடப்புத்தகம் ஆகிவிடும். மணிக்கட்டை அங்கியின் கைக்குள் தள்ளிவிட்டு விரல்களை மட்டும் பேசவிடுங்கள். ஒரு பூனைக்குட்டியை எப்படிப் பிடிப்பது என்று தெரியாமல் பிடித்திருக்கும் விரல்கள். கண்குழியில் நீலமாக இரண்டு ஒளிப்புள்ளிகள், அதை மறந்துவிடாதீர்கள். குழியின் நடுவில் வைக்காமல், பூனை இருக்கும் பக்கமாகக் கொஞ்சம் தள்ளி வைத்தால் பார்வை கிடைத்துவிடும்.

அவர் குதிரையையும் எலும்புக்கூடாக வரைகிறார்கள். கூடாது. பிங்கி சதையும் ரத்தமும் உள்ள வெள்ளைக் குதிரை. எலும்புக் குதிரையை மரணம் முன்பே வைத்துப் பார்த்தாயிற்று. உதிர்ந்த எலும்பைக் கம்பி வைத்துக் கட்ட அடிக்கடி இறங்க வேண்டியிருந்தது. நெருப்புக் குதிரை லாயத்தைக் கொளுத்திவிட்டது. அப்புறம்தான் இந்தப் பிங்கி. நம் எமதர்மராஜாவுக்கு எருமையோடு இப்படி ஏதும் தொந்தரவு இருந்ததாகக் கேள்விப்பட்டதில்லை.

சாம் வைம்ஸுக்கு முகத்தை யோசித்து மண்டையை உடைத்துக்கொள்ள வேண்டாம், பூட்ஸிலிருந்து ஆரம்பியுங்கள். 50 டாலருக்கு நல்ல பூட்ஸ் வாங்கினால் வருஷக்கணக்கில் உழைக்கும். கையில் 10 டாலர்தான் இருக்கிறவன் ஒன்றிரண்டு பருவத்தில் கிழிகிற பூட்ஸையே திரும்பத் திரும்ப வாங்கி, கடைசியில் பணக்காரனைவிட அதிகம் செலவழித்து, ஈரக் காலோடு நிற்பான். ஏழை ஏன் ஏழையாகவே இருக்கிறான் என்பதற்கு வைம்ஸ் சொல்லும் கணக்கு இது. அவர் பூட்ஸின் அடி அட்டை மாதிரித் தேய்ந்தது. இருட்டில்கூட எந்தத் தெருவில் நிற்கிறோம் என்று உள்ளங்காலில் படும் கல்லை வைத்தே சொல்லிவிடுவார். குனிந்து தெருமட்டத்திலிருந்து பார்ப்பது போல வரையுங்கள். ஈரக் கல், மெல்லிசான அடி, அதற்கு மேலே எங்கோ ஒரு சுருட்டின் நெருப்பு.

நீங்கள் கேட்காவிட்டாலும் ஒன்று சொல்லியாக வேண்டும். மந்திரவாதிகளை வரையப் போனால் ஆக்டரின் வந்து நிற்கும். மந்திரத்தின் நிறம், எட்டாவது நிறம், பச்சை கலந்த மஞ்சள் ஊதா என்று நாவல் சொல்கிறது. வாட்டர்கலரில் மஞ்சளையும் ஊதாவையும் கலந்தால் கிடைப்பது சேற்று நிறம். கலக்காதீர்கள். இரண்டையும் சின்னச் சின்னக் கீற்றாகப் பக்கத்தில் பக்கத்தில் வையுங்கள், இடையே கொஞ்சம் பச்சை, சுற்றிலும் இருட்டு. எதிர் எதிர் நிறங்கள் என்பதால் கண் அங்கே நிலைகொள்ளாமல் துடிக்கும். அந்தத் துடிப்பு போதும்.

புடவை விஷயம். வரையலாம், யாரும் அடிக்க வரமாட்டார்கள். எனக்கு அதில் அவ்வளவு ருசி இல்லை, அவ்வளவுதான். கிரானியின் அதிகாரத்தில் பாதி அந்தக் கூர்த் தொப்பியில் இருக்கிறது. அதை வைத்துத்தான் ஊரே அவரைப் பார்த்து வழிவிடுகிறது, அது அவருக்கும் தெரியும். தொப்பியை எடுத்துவிட்டுப் புடவை கட்டினால், அதே வேலையைச் செய்கிற ஏதோ ஒன்றை அந்த இடத்தில் நீங்கள் வைத்தாக வேண்டும். சுருக்குப் பையா, வெண்கலப் பூண் போட்ட கைத்தடியா, நெற்றி நிறைய விபூதியா? அதைக் கண்டுபிடித்துவிட்டால் வரையுங்கள். இல்லாவிட்டால் அது மாறுவேடப் போட்டிக்குப் போகிற கிரானியாகத்தான் இருக்கும்.

காப்பி பற்றியும் ஒரு வார்த்தை. கை பழகுவதற்குக் கிட்பியைப் பார்த்து வரைவதில் தப்பில்லை. கீழே "பால் கிட்பியைப் பார்த்து வரைந்தது" என்று எழுதிவிடுங்கள், தோழிக்குச் சொல்ல ஒன்றும் இருக்காது. கிட்பியும் கடன் வாங்கியவர்தான். 'நைட் வாட்ச்' நாவலின் அட்டைக்கு, ரெம்பிராண்ட் 1642இல் வரைந்த அதே பெயருள்ள ஓவியத்தை எடுத்து, அதில் வைம்ஸின் ஆட்களை நிறுத்தினார். ரெம்பிராண்ட் தன் முகத்தை வைத்ததாகச் சொல்லப்படும் இடத்தில், அப்போது காலமாகியிருந்த ஜோஷ் கிர்பியின் முகத்தை வைத்தார். எங்கிருந்து எடுத்தேன் என்பதை மறைக்காமல் எடுத்த கடன் அது.

கடைசியாக விற்பனை. நோட்டில் வரைவதற்கோ தோழியின் பிறந்தநாளுக்குச் சட்டம் போட்டுக் கொடுப்பதற்கோ யாரும் உங்களைத் தேடி வரப்போவதில்லை. காசு வாங்கினால் கதை வேறு. இந்தியச் சட்டப்படி எழுத்தாளரின் பதிப்புரிமை அவர் இறந்த ஆண்டுக்குப் பின் 60 ஆண்டுகள், அதாவது பிராட்செட்டின் எழுத்துக்கு 2075 முடிய. பிரிட்டனில் 70 ஆண்டுகள், 2085 முடிய. டிஸ்க்வேர்ல்ட் என்ற பெயரும் பதிவு செய்யப்பட்ட வணிகக் குறி. உங்கள் படம் கிட்பியின் படத்தைப் பார்த்துப் போட்டது என்றால் அவருடைய உரிமையும் தனியாக உண்டு, ஆக இரண்டு பேரிடம் கேட்க வேண்டும். பெயரைப் போடாமல் விற்றால் தெரியாது என்று நண்பர்கள் சொல்வார்கள். வாங்க வருகிறவர்கள் அது கிரானி என்று தெரிந்துதானே வாங்குவார்கள், அப்படியானால் பெயர் போடாததில் என்ன லாபம்? நாவலின் வரியிலிருந்து நீங்களே வரைந்த படங்களாக நாலைந்து தேர்ந்தெடுத்து, பிராட்செட்டின் எஸ்டேட்டுக்கு, அதாவது அவர் எழுத்தின் உரிமையை இப்போது பார்த்துக்கொள்கிறவர்களுக்கு, எழுதிக் கேளுங்கள். எத்தனை ஸ்டிக்கர், எங்கே, என்ன விலை என்று தெளிவாகச் சொல்லுங்கள். பதில் வரும்வரை பிரிண்ட் போடுகிறவருக்கு அட்வான்ஸ் கொடுக்க வேண்டாம்.