பள்ளி மைதானத்துக்குக் கூரை: கேளுங்கள், சொல்கிறேன்

பள்ளிகளுக்கு இரும்புக் கூரை வடிவமைப்பது என் தொழில். வந்த கேள்விகளும் என் பதில்களும் கீழே.

தாளாளர், செங்குன்றம்: 30க்கு 60 அடி ஷெட், 15 அடிக்கு ஒரு தூண். நாலு பக்கமும் திறந்ததுதானே, ஓரடிக் குழி போதும் என்கிறார் ஃபேப்ரிகேட்டர்.

போதாது ஐயா. திறந்திருப்பதால்தான் பயம். காற்று அடியில் புகுந்து கூரையை மேலே தூக்கும். கட்டடச் சுமைக்கான இந்தியத் தர விதி ஐஎஸ் 875 சென்னைக்குச் சொல்லும் அடிப்படைக் காற்று வேகம் நொடிக்கு 50 மீட்டர். அந்த வேகத்தில் சதுர மீட்டருக்கு 150 கிலோ அழுத்தம். நடுத்தூண் ஒன்றின் பங்கு 21 சதுர மீட்டர். பாதி அழுத்தம் மேல்நோக்கி வந்தாலே ஒன்றரை டன். ஓரடிக் குழியில் நிற்கும் கான்கிரீட் 68 கிலோ. ட்ரஸ் (கூரையைத் தாங்கும் இரும்புச் சட்டம்), ஷீட் எடையைச் சேர்த்தாலும் கிட்டே வராது. 2016 வர்தா புயலைப் பார்த்த ஊர் உங்களுடையது. ஃபூட்டிங், அதாவது தூணின் அடித்தள அளவை ஸ்ட்ரக்சுரல் இன்ஜினியர் கணக்குப் போட்டுக் கையெழுத்திட்டுத் தரட்டும்.

மழலையர் பள்ளி, மன்னார்குடி: குளுமைக்குக் கீற்றுக் கொட்டகை?

வேண்டவே வேண்டாம். 2004 ஜூலை 16, கும்பகோணம் பள்ளித் தீ, 94 பிள்ளைகள்.

பெற்றோர், ஈரோடு: சதுர அடிக்கு என்ன ரேட்?

மண்ணும் காற்றும் பார்க்காமல் ரேட் சொல்ல மாட்டேன்.

ஓய்வுபெற்ற ஆசிரியர், திண்டுக்கல்: நாலு வேம்பு நட்டால் தீர்ந்தது. தகரம் எதற்கு?

மரம் வேண்டும் என்பதில் எனக்கும் உங்கள் கட்சிதான் சார். பத்தடியில் தகரம் போட்டால் மதியம் பிள்ளைகள் தலைமேல் அடுப்புதான். அதனால் 13, 14 அடி உயரம், வெள்ளை ஷீட், முகட்டில் சூடு வெளியேற இடைவெளி என்று கேட்கிறேன். ஆனால் இன்று நட்ட கன்று இந்த வருட யுகேஜி பிள்ளைக்கு நிழல் தராது.

அதே ஆசிரியர்: புங்கன் வேகமாக வளருமே? மரம் யார் மேலும் பறந்து விழாது.

கிளை விழும் சார். தூங்குமூஞ்சி மரக் கிளை மழையில் கனத்து முறியும். ஊஞ்சலுக்கு மேல் அதை விடாதீர்கள். புங்கனும் வேம்பும் மேற்கு ஓரத்தில் வையுங்கள், மாலை வெயிலை அவை பார்த்துக்கொள்ளும். சறுக்கு மரமும் மணல்குழியும் கூரைக்கடியில் இருக்கட்டும். வெயிலில் நின்ற தகரச் சறுக்கு பிள்ளையின் தொடையைச் சுட்டுவிடும்.

அங்கன்வாடி பணியாளர், விருதுநகர்: இடி மின்னலில் பிள்ளைகளை ஷெட்டுக்குள் நிறுத்தலாமா அண்ணா?

கூடாதும்மா. ஷெட்டுக்கு எர்த் கொடுத்திருந்தாலும் சரி, மரத்தடியானாலும் சரி. இடிச்சத்தம் கேட்டதுமே கட்டடத்துக்குள் கூட்டிப் போங்கள்.

செயலாளர், சேலம்: குடோனில் பிரித்த ஆஸ்பெஸ்டாஸ் ஷீட் இலவசமாகக் கிடைக்கிறது.

வாங்காதீர்கள். உடைத்தாலும் துளைத்தாலும் வரும் தூசு நுரையீரலில் தங்கிப் புற்றுநோய் தரும்.

பெற்றோர், கரூர்: தோராயமாகவாவது ரேட்?

ஈரோட்டுக்காரருக்குச் சொன்னதேதான்.

தலைமை ஆசிரியை, கோவில்பட்டி: தரைக்கு டைல்ஸ் ஒட்டலாமா?

சாரல் பட்டால் வழுக்கும் மேடம். துடைப்பத்தால் கோடிழுத்த சொரசொரப்பான சிமென்ட் தரை, வெளிப்பக்கம் வாட்டம். ஏறி விளையாடும் இடத்தில் ஓரடி ஆழம் மணல். காலடியில் ஒதுங்கும், வாரம் ஒருமுறை கிளறிச் சமன்படுத்தச் சொல்லுங்கள். தூண்களுக்கு ஐந்தடி வரை ஃபோம் சுற்றுங்கள். தூணின் அடித்தகடான பேஸ் பிளேட்டின் போல்ட் தரைக்கு மேல் துருத்தக் கூடாது. முட்டியைக் கிழிப்பது அதுதான்.

இளைஞர் மன்றம், நாகர்கோவில்: பச்சை ஷேட் நெட் மட்டும் கட்டினால் ஃபூட்டிங் வேண்டாமே?

வேண்டும். வலையையும் காற்று இழுக்கும், தீயும் பிடிக்கும். செங்குன்றத்துக் கணக்கை உங்கள் இன்ஜினியரிடம் காட்டிவிட்டுக் குழி தோண்டுங்கள்.