பிளினியைத் திட்டியது யார்?

ஐயா, வணக்கம். அச்சு வரலாறு பற்றிய ஆங்கிலக் கட்டுரை ஒன்றை மொழிபெயர்த்துக்கொண்டிருக்கிறேன். எர்மோலாவோ பார்பரோ என்ற இத்தாலிய அறிஞர், பண்டைய ரோமானிய எழுத்தாளர் பிளினியை ‘காஸ்டிகேட்’ செய்து பெரிய நூல் எழுதினார் என்று அதில் வருகிறது. அகராதியில் ‘கடுமையாகக் கண்டி’, ‘தண்டி’ என்றுதான் இருக்கிறது. ஆனால் பார்பரோ பிளினியிடம் பெருமதிப்பு கொண்டவர் என்றும் அதே கட்டுரை சொல்கிறது. மதிப்பவரை எதற்குத் திட்ட வேண்டும்? இந்தச் சொல் எங்கிருந்து வந்தது?

எஸ்.

அன்புள்ள எஸ்.,

பார்பரோ திட்டவில்லை. கட்டுரையாளர் நூலின் லத்தீன் தலைப்பை அப்படியே ஆங்கில வினையாக்கிவிட்டார், வம்பு அங்கேதான். 1492-93இல் ரோமில் அச்சான அந்த நூலின் பெயர் ‘காஸ்டிகாட்சியோனெஸ் பிளினியானே’. பிளினி நூலுக்கான பாடத்திருத்தங்கள், அதாவது மூல வாசகத்தில் புகுந்த பிழைகளுக்கான திருத்தங்கள் என்று பொருள்.

லத்தீனில் ‘காஸ்டுஸ்’ என்றால் தூய. அதிலிருந்து வந்த வினை ‘காஸ்டிகாரே’, தூய்மையாக்கு. எதைக் கொண்டு தூய்மையாக்குவது? ரோமானியர்கள் வாயாலும் செய்தார்கள், பிரம்பாலும் செய்தார்கள், எழுத்தாணியாலும் செய்தார்கள். எல்லாவற்றுக்கும் இதே சொல்தான். கவிதைக்கலை பற்றிய செய்யுள் மடலில் ரோமானியக் கவிஞர் ஹொராஸ், பல நாள் அடித்தும் திருத்தியும் எழுதி, பத்துத் தடவை நகத்துக்குத் தட்டுப்படாதபடி ‘காஸ்டிகாரே’ செய்யாத கவிதையை ஏற்காதீர்கள் என்கிறார். நகம் இங்கே எதற்கு என்றால், கல் வேலை செய்பவர்கள் இணைப்பு சரியாக இருக்கிறதா என்று நகத்தை ஓட்டிப் பார்ப்பார்களாம். (பத்துத் தடவை என்பதைப் படித்தால் நம் பதிப்பாளர்கள் மயங்கி விழுவார்கள்.)

திருத்து, தண்டி என்ற பொருளில் வரும் ‘சேஸன்’, ‘சாஸ்டைஸ்’ எல்லாம் இதே வேரிலிருந்து பிரெஞ்சு வழியாக ஆங்கிலத்துக்குப் போனவை. ‘காஸ்டிகேட்’ நேரே லத்தீனிலிருந்து எடுத்தது. ஷேக்ஸ்பியரின் ‘டைமன் ஆஃப் ஏதென்ஸ்’ நாடகத்தில் அபெமாண்டஸ், உன் செருக்கை ஒடுக்கத்தான் இந்தக் கோலம் என்றால் நல்லது என்று டைமனிடம் சொல்லும் இடத்தில், ‘ஒடுக்க’ என்பதற்கு இந்தச் சொல்தான் வருகிறது. தண்டிப்பதும் திருத்துவதும் அங்கே இன்னும் பிரியவில்லை. இன்றைய செய்தித்தாளில் வசவு மட்டும்தான் மிச்சம்.

சரி, பார்பரோவுக்கு வருவோம். பிளினியின் ‘இயற்கை வரலாறு’ 37 பகுதிகள் கொண்டது. ஆயிரம் ஆண்டுகளுக்கும் மேலாகக் கையால் பிரதியெடுக்கப்பட்டது. கிரேக்கம் தெரியாதவர்கள் கையில் செடிகொடிகளின் கிரேக்கப் பெயர்கள் உருக்குலைந்தன. 1469இல் வெனிஸில் முதன்முதலாக அச்சானபோது பிழைகளும் சேர்ந்தே அச்சேறின. பார்பரோ, மூலிகைகள் பற்றி எழுதிய கிரேக்கரான டயஸ்கோரிடீஸை லத்தீனில் மொழிபெயர்த்தவர். கிரேக்க நூல்களோடு ஒப்பிட்டு சுமார் 5,000 இடங்களைத் திருத்தினார். குற்றம் பெரும்பாலும் பிரதி எடுத்தவர்களுடையது என்பது அவர் கட்சி.

பிளினியை உண்மையிலேயே ஒரு பிடி பிடித்தவர் வேறொருவர். அதே 1492இல் ஃபெர்ராராவில் நிக்கோலோ லியோனிச்சேனோ என்ற மருத்துவப் பேராசிரியர், மருத்துவத்தில் பிளினி செய்த பிழைகள் என்றே தலைப்பு வைத்து நூல் வெளியிட்டார். ‘கிஸ்ஸோஸ்’ ஒரு கொடி, ‘கிஸ்தோஸ்’ ஒரு புதர்ச்செடி. கிரேக்கப் பெயர்களின் ஒலி ஒற்றுமையில் பிளினி இரண்டையும் குழப்பிவிட்டார் என்று காட்டினார். பிரதி எடுத்தவன் தலையில் பழியைப் போட அவர் தயாராக இல்லை. மருந்து மாறினால் சாவது நோயாளி அல்லவா?

ஆகவே உங்கள் வரியில் ‘பார்பரோ பிளினி நூலின் பாடத்தைத் திருத்தினார்’ என்று போடுங்கள். கட்டுரையில் லியோனிச்சேனோவும் வந்தால், ‘கண்டித்தார்’ என்பதை அவருக்குத் தாராளமாகக் கொடுக்கலாம்.