மகளின் ஆட்டம் மட்டும் போதுமா?

கேள்வி: மகள் பல்கலைக்கழகத்தில் பரதம் படிக்கிறாள். நடனத்துறையின் ஆண்டு நிகழ்ச்சிக்கு வரச் சொல்கிறாள். அவளுடைய ஆட்டம் கடைசியில்தானாம். முன்னுக்கு வருவதெல்லாம் சிங்கள நடனம், எனக்கு விளங்காது. பிந்திப் போகலாமா?
– ஓர் அம்மா, வெள்ளவத்தை

பதில்: வேண்டாம் தங்கச்சி, தொடக்கத்திலேயே போய் இருங்கள். தங்கள் பிள்ளையைப் படம் எடுத்துவிட்டு எழும்பிப் போகும் பெற்றோரைக் கண்டால் எனக்குக் கோபம்தான் வரும்.

முதலில் கால்களைப் பாருங்கள். நம் அரைமண்டி போலவே கண்டிய நடனத்திலும் முழங்காலை விரித்துத் தாழ்ந்து நிற்பார்கள். அதை 'மண்டிய' என்பார்கள். அப்புறம் மேளம். கண்டியத்துக்குக் கெட்ட பெரய, தென்பகுதிக் கரையோர நடனத்துக்கு யக் பெரய. இரண்டையும் கையால்தான் அடிப்பார்கள். சப்ரகமுவ நடனத்துக்குத் தவுல்: ஒரு பக்கம் குச்சி, மறுபக்கம் கை, நம் தவில் மாதிரி. கண்ணை மூடினாலும் எது எந்த ஊர் ஆட்டம் என்று பிடித்துவிடலாம்.

கண்டிய நடன மரபில் 18 வன்னங்கள் உண்டு. வன்னம் என்றால் விலங்கு, பறவை போன்றவற்றின் இயல்பைப் பாட்டோடு ஆடிக் காட்டும் தனி உருப்படி. கஜகா யானை, ஹனுமா குரங்கு, மயூரா மயில். மயில் வந்தால் விடாதீர்கள். நம் பிள்ளைகள் ஆடும் மயிலோடு ஒப்பிட்டுப் பார்க்கலாம். மினுங்கும் வெஸ் தலையணி மரபுப்படி ஆண்களுக்கே உரியது. கண்டிய நடனத்தில் பெண்களுக்கென்று மேடைப் பாணி ஒன்றை வளர்த்தவர் வஜிரா சித்ரசேன என்ற நடனக் கலைஞர்.

பின்னேரத்தில் காலி வீதி நெரிசல் தெரியும்தானே, நேரத்துக்கே வெளிக்கிடுங்கள்.